தேவதை முதலீட்டாளரும் புதுத்தொழில் தாபகரும்

ஒரு தொழில் தோன்றுவதற்கு அறிவு, உழைப்பு, முதல் என்னும் மூன்றும் இன்றியமையாதன. இவற்றுள் முன்னைய இரண்டும் நிரம்பிய ஒருவரிடத்துப் பின்னையதாகிய முதல் இல்லாதிருத்தல் உலகியல்பாய்க் காணப்படுகின்றது. முதலுடையார் பலர்க்குப் புதியதொன்றைக் காணும் நோக்கு இல்லை. அந்நோக்குடையார் பலர்க்கு முதல் இல்லை. இவ்விரு திறத்தாரும் மனம் ஒத்துக் கூடிய இடங்களிற் பெருந்தொழில்கள் பிறந்திருக்கின்றன. கூடியும் மனம் ஒவ்வாது பிரிந்த இடங்களில் நல்ல முயற்சிகள் முளையிலேயே கருகியிருக்கின்றன. ஆதலின், புதுத்தொழில் தொடங்குவோர் தமக்கு வேண்டிய முதலை யாரிடம் நாடுவது, எவ்வாறு நாடுவது, பெற்றபின் எவ்வாறு ஒழுகுவது என்னும் மூன்று வினாக்களும் ஆராயத்தக்கனவாம்.

இத்தகைய முதலை வழங்குவோருள் ஒரு வகையினரை ஆங்கிலத்தில் 'ஏஞ்சல்' என்பர். தேவதை அல்லது தேவதூதர் என்பது அச்சொல்லின் பொருள். நியூயோர்க் நகரத்துப் புரோட்வே நாடக அரங்குகளிலே, நாடகம் மேடையேறுவதற்கு வேண்டிய பணத்தை இட்டுதவிய செல்வரைக் குறிக்க இப்பெயர் வழங்கிற்று. நாடகம் வெற்றிபெறின் அவர்க்கும் இலாபத்திற் பங்கு உண்டு. தோல்வியுறின் இட்ட பணம் போனதேயாம். 1978 ஆம் ஆண்டில் நியூ ஹாம்ஷயர் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் வெற்செல் என்பார், புதிய கம்பனிகளுக்குத் தம் சொந்தப் பணத்தை வழங்கும் தனியாரைப்பற்றி ஆராய்ந்தபோது, இச்சொல்லை அவர்க்குப் பெயராக்கினார். பின்னர் அது வணிகவுலகில் நிலைபெற்றது. தமிழில் அவரைத் தேவதை முதலீட்டாளர் என்று வழங்குகின்றனர்.

பெயர் தேவதையாயினும் அவர் வரங்கொடுப்பவர் அல்லர். அவர் கொடுப்பது கடனுமன்று, தருமமுமன்று. வங்கி கொடுப்பது கடன். ஈடும் பிணையும் கேட்டு, வட்டியோடு குறித்த தவணையில் திருப்பிப் பெறுவது வங்கியின் முறை. வீடு வளவு இல்லாத இளைஞர் ஒருவர் நல்ல கருத்தொன்றை மட்டும் கொண்டு சென்றால் வங்கி அவரை வெறுங்கையோடு அனுப்பிவிடும். துணிகர மூலதன நிதியங்களோ பிறர் பணத்தைத் திரட்டி முதலிடுவன. அவை பெரும்பாலும் ஓரளவு வளர்ந்து விற்பனை கண்ட கம்பனிகளையே நாடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியில் நிற்பவரே தேவதை முதலீட்டாளர். அவர் இடுவது தம் சொந்தப் பணம். பெறுவது கம்பனியின் பங்கு. கம்பனி அழியின் அவர் பணமும் அதனோடு அழியும். நேர்மையாக நடந்த தாபகர் அதனைத் தம் கையிலிருந்து திருப்பிக் கொடுக்கும் கடப்பாடு உடையரல்லர்.

இவ்வியல்பிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். இடும் முதல்களுட் பல வீணாகும் என்பதை அறிந்தே அவர் இடுகின்றார். ஆகவே, பிழைத்து நிற்கும் ஒன்றிரண்டு கம்பனிகள், அழிந்தவற்றின் நட்டத்தையும் ஈடுசெய்யுமளவிற்குப் பன்மடங்கு வளரவேண்டும். ஊர்ச் சந்தியில் ஆண்டுதோறும் அளவான இலாபந் தரும் கடை மிக நல்ல தொழிலேயாம். எனினும் அதற்குப் பொருந்துவது வங்கிக் கடனேயன்றித் தேவதை முதலன்று. தம் தொழில் எவ்வகையினது என்பதை முதலிலே துணிந்துகொள்ளாதவர் தம் காலத்தையும் பிறர் காலத்தையும் வீணாக்குவர்.

முதல் நாடுவோர்க்கு ஹென்றி போர்ட் என்பாரின் வரலாறு சிறந்ததொரு பாடமாகும். தேவதை முதலீட்டாளர் என்னும் பெயர் அவர் காலத்து வணிகத்தில் வழங்கவில்லையெனினும், பொருள் அதுவே. 1899 ஆம் ஆண்டில், ஐக்கிய அமெரிக்காவின் டெற்றொயிற் நகரில், மரவணிகர் வில்லியம் மேர்பி முதலிய செல்வரின் துணைகொண்டு போர்ட் ஒரு மோட்டார் வண்டிக் கம்பனியிற் பொறுப்பேற்றார். வண்டிகள் தக்கவாறு அமையவில்லை, விலையும் மிகுந்தது. 1901 இல் அக்கம்பனி கலைக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே அச்செல்வருட் சிலர் அவர் பெயரால் இரண்டாவது கம்பனியொன்றை அமைத்தனர். முதலிட்டோர் விரைவில் விற்கத்தக்க வண்டியை வேண்டினர். போர்ட்டின் உள்ளமோ பந்தய வண்டியில் நின்றது. 1902 இல் அவர் விலகினார். அவர் விட்டுச்சென்ற கம்பனியே பின்னர் கடிலக் எனப் பெயர்பெற்று வளர்ந்தது. இருமுறையும் பணம் இருந்தது, அறிவும் இருந்தது. யாது செய்வது, எப்பொழுது செய்வது என்பதிற் பணமிட்டாரும் தொழில் செய்தாரும் ஒருமனப்படாமையே குறையாயிற்று.

மூன்றாம் முறை போர்ட் நாடியவர் அலெக்சாந்தர் மல்கம்சன் என்னும் நிலக்கரி வணிகர். 1903 யூன் 16 ஆம் நாள் போர்ட் மோட்டார் கம்பனி பதிவு செய்யப்பட்டது. பங்காளர் பன்னிருவர்; கையில் வந்த பணம் 28,000 டொலர் மாத்திரமே. ஆனால், அப்பன்னிருவருட் பலர் பணத்தோடு வேறொன்றையும் கொண்டுவந்தனர். மல்கம்சனின் உறவினரான ஜோன் கிரே ஒரு வங்கியாளர். டொட்ஜ் சகோதரர் இருவரும் பொறிப்பட்டறை உடையவர். வண்டிக்கு வேண்டிய பொறிகளைச் செய்து கொடுத்தோர் அவரே. அன்டர்சன், ரக்கம் என்னும் இருவரும் வழக்கறிஞர். ஸ்ரெலோ என்பாரின் கட்டடத்திலேயே தொழில் தொடங்கிற்று. மல்கம்சனிடம் எழுதுவினைஞராயிருந்த ஜேம்ஸ் கசின்ஸ் கணக்கையும் வணிகத்தையும் மேற்கொண்டார். எனினும், முதலாவது வண்டி விற்பனையாகுமுன் அவ்வாண்டு யூலை மாதத்தில் வங்கியில் எஞ்சி நின்றது 223 டொலர் 65 சதமே. இன்னுஞ் சின்னாட் கழிந்திருப்பின் மூன்றாம் முயற்சியும் முன்னையவற்றின் வழியே சென்றிருக்கும்.

இவ்வரலாற்றினின்றும் முதல் நாடுவார் கொள்ளவேண்டிய செய்திகள் இரண்டு. ஒன்று, எவ்வளவு பணம் வேண்டும் என்பதை நாளெண்ணிக் கணித்தல். மற்றொன்று, பணத்தோடு வேறு யாது தருவார் என்பதை நோக்கி ஆளைத் தேர்தல்.

முதலாவதை எடுத்துக்கொள்க. தாபகர் கேட்கும் தொகை அவர் ஆசையின் அளவாக அமைதல் கூடாது. அடுத்த படியை அடைவதற்கு வேண்டிய காலத்தின் அளவாக அமைதல் வேண்டும். ஒரு கம்பனியின் மாதச் செலவு 5 இலட்சம் ரூபா என்றும், செய்பொருளை முடித்து முதல் வாடிக்கையாளர் சிலரைப் பெறுவதற்கு 18 மாதங்கள் செல்லும் என்றும் வைத்துக்கொண்டால், வேண்டியது 90 இலட்சம் ரூபா. எதிர்பாராச் செலவிற்கு 10 இலட்சத்தைச் சேர்த்தால் ஒரு கோடி ரூபாவாகும். 'ஒரு கோடி வேண்டும்' என்று வாளா கூறுபவரிலும், 'இப்பணம் 18 மாதத்திற்குப் போதும். அம்மாதங்கள் கழிந்தபின் இன்ன நிலையை அடைந்திருப்போம்' என்று கூறுபவரிடத்தே நம்பிக்கை பிறக்கும். கேட்குமுன்னரே செய்யக்கூடியவற்றைச் செய்து முடித்திருத்தலும் வேண்டும். மாதிரி ஒன்றை அமைத்துச் சிலர் கையிற் கொடுத்துப் பயன்படுத்தச் செய்தல், பணங் கொடுத்து வாங்க இசைவார் ஓரிருவரைக் காணுதல் என்பன நூறு பக்க அறிக்கையிலும் வலியுடையன.

இரண்டாவது, ஆளைத் தேர்தல். கூகிள் கம்பனியின் தொடக்கம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. லரி பேஜ், சேர்ஜி பிரின் என்னும் இருவரும் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்தபோது தாம் அமைத்த தேடுபொறிக்கு முதல் நாடினர். அப்பல்கலைக்கழகப் பேராசிரியரான டேவிட் செரிட்டன் அவர்களை அண்டி பெக்டொல்ஷைம் என்பாருக்கு அறிமுகஞ் செய்தார். அவர் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் கணினிக் கம்பனியின் தாபகருள் ஒருவர். 1998 ஓகஸ்ட் மாதத்தில், செரிட்டனின் வீட்டு முகப்பிலே, அத்தேடுபொறி இயங்குவதைக் கண்டவுடன் அவர் 100,000 டொலருக்குக் காசோலை எழுதினார். காசோலை கூகிள் கம்பனியின் பெயருக்கு எழுதப்பட்டது. அப்பெயரில் அன்று கம்பனியே இல்லை. 1998 செப்டெம்பர் 4 ஆம் நாள் கம்பனியைப் பதிவு செய்து, அதன் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கும்வரை அக்காசோலை மேசை இழுப்பறையிலே கிடந்தது. செரிட்டனும், சென்னையிற் பிறந்து அங்கேயே கல்வி கற்ற ராம் ஸ்ரீராம் என்பாரும் அக்கம்பனியின் முதல் முதலீட்டாளருள் அடங்குவர்.

இச்செய்தியைக் கேட்போர் காசோலை எழுதப்பட்ட விரைவையே வியப்பர். வியக்கத்தக்கது அதுவன்று. அவ்விருவரும் முன்னரே ஈராண்டிற்கு மேல் உழைத்து, இயங்கும் பொறியொன்றைக் கையில் வைத்திருந்தனர். அவரை அழைத்துச் சென்றவர் அவர் திறமையை நேரில் அறிந்த ஆசிரியர். பணங் கொடுத்தவரோ அத்துறையைத் தாமே துறைபோகக் கற்றவர். இம்மூன்றும் ஒருங்கு கூடியமையாலேயே சில நிமிடங்களிற் காரியம் கைகூடிற்று. ஆதலின், முதல் நாடுவோர் தம் துறையை அறிந்தவர் யார், அவரை அறிந்தவர் யார், தம்மை அறிந்து அவரிடம் எடுத்துச் சொல்லக்கூடியவர் யார் என்று நிரல்படுத்திக் கொள்ளுதல் நலம். ஆசிரியர், முன்னை நாளில் தொழில் கொடுத்தவர், அதே முதலீட்டாளரிடம் முன்னர் முதல் பெற்ற தாபகர் ஆகியோர் சிறந்த தூதுவர். முன்பின் அறியாத நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதிலும், அறிந்தவர் ஒருவரின் ஒரு சொல் மேலானது.

அத்தகைய அறிமுகம் கிட்டாதார்க்கும் வழி உண்டு. முதலீட்டாளர் பலர் குழுக்களாகக் கூடி, விண்ணப்பங்களைப் பெற்று ஆராய்கின்றனர். கலிபோர்னியாவில் 1994 இல் 'பான்ட் ஒஃப் ஏஞ்சல்ஸ்' என்னுங் குழு தோன்றியது. சென்னையில் 2007 இல் 'சென்னை ஏஞ்சல்ஸ்' என்பதும், கொழும்பில் 2012 இல் 'லங்கன் ஏஞ்சல் நெற்வேர்க்' என்பதும் அமைந்தன. இத்தகைய குழுக்கள் தாபகரை நேரில் அழைத்துக் கேட்டறிந்தபின், விரும்பிய உறுப்பினர் தனித்தனியே முதலிடுவர்.

இனி, எடுத்துரைக்கும் முறை. மக்கள் படும் இடர் யாது, அதனை இத்தொழில் எவ்வாறு தீர்க்கும், அதற்குப் பணங் கொடுப்போர் யாவர், இதுவரை செய்து முடித்தது யாது, செய்வோர் யாவர், வேண்டிய தொகை எவ்வளவு, அது எதற்குச் செலவாகும் என்னும் வினாக்களுக்குச் சுருங்கிய விடைகள் இருத்தல் வேண்டும். கலைச்சொற்களை அடுக்கிக் கேட்பாரை மயக்குதல் பேதைமை. விளங்காத ஒன்றிற்கு அறிவுடையார் பணமிடார். 'எங்களுக்குப் போட்டியாளர் ஒருவருமிலர்' என்று கூறுதலும் தவறு. சந்தையைத் தேடிப் பார்க்கவில்லை என்பதற்கே அது சான்றாகும்.

மறுப்பைத் தாங்கும் உரனும் வேண்டும். ஜெஃப் பெசோஸ் என்பார் 1994 இல் தம் உத்தியோகத்தைத் துறந்து, இணையத்தின் வழியே நூல் விற்கும் அமேசன் கம்பனியைத் தொடங்கினார். 1995 இல் அவர் முதல் நாடிச் சந்தித்தோர் ஏறக்குறைய அறுபதின்மர். அவர் முதலில் எதிர்கொண்ட வினா 'இணையம் என்றால் என்ன?' என்பதே. இருபத்திருவர் மாத்திரம் இசைந்து, ஏறத்தாழ 50,000 டொலர் வீதம் வழங்க, 10 இலட்சம் டொலர் திரண்டது. மறுத்தவர் முப்பத்தெண்மர். மறுப்பவர் யாவரும் பகைவரல்லர்; ஏன் மறுத்தார் என்று பணிவோடு கேட்டறிந்து திருத்திக்கொள்பவர்க்கு மறுப்பும் ஒருவகை முதலேயாகும்.

பெசோஸ் செய்ததொன்று எல்லாவற்றினும் போற்றத்தக்கது. இட்ட பணம் முழுவதும் அழிதற்கு நூற்றுக்கு 70 வாய்ப்பு உண்டு என்று அவர் தம் முதலீட்டாளரிடம் முன்கூட்டியே கூறினார். அவருடைய பெற்றோரும் ஏறக்குறைய 245,000 டொலர் இட்டனர். அவரிடமும் அவ்வுண்மையை அவர் மறைக்கவில்லை. பெற்றோரும் உற்றாரும் இடும் பணம் பெரும்பாலும் ஆயுட்காலச் சேமிப்பாகும். அவர் கணக்கைப் பார்த்துக் கொடுப்பதில்லை, முகத்தைப் பார்த்துக் கொடுப்பர். அதனால் அவரிடம் உண்மை கூறும் கடமை இருமடங்காகின்றது. இதற்கு மாறான வழியிற் சென்றவர் எலிசபெத் ஹோம்ஸ் என்பார். சிறுதுளி இரத்தத்தைக் கொண்டு நோய்ச் சோதனைகள் பல செய்யலாம் என்று கூறி 2003 இல் அவர் தொடங்கிய தெரனோஸ் கம்பனி பெரும்பணம் திரட்டியது. கருவியோ கூறியவாறு இயங்கவில்லை. முதலீட்டாளரை ஏமாற்றிய குற்றத்திற்கு 2022 இல் அவர் சிறைத்தண்டனை பெற்றார். முயன்று தோற்றவர்க்கு மீண்டும் முதல் கிடைக்கும். பொய்யுரைத்துத் தோற்றவர்க்கு அதனைப் பெறுதல் அரிது.

முதலீட்டாளர் இசைந்தபின் உடன்படிக்கை எழுதப்படும். அதற்குமுன் அவர் கணக்குகளையும் பதிவுப் பத்திரங்களையும் பார்வையிடுவர். அவற்றை ஒழுங்காக வைத்திருத்தல் தாபகரின் கடன். உடன்படிக்கையில் முதன்மையானது கம்பனியின் மதிப்பு. மேற்கூறிய கம்பனியின் மதிப்பு, முதலிடுமுன் 4 கோடி ரூபா எனக் கொள்க. ஒரு கோடி இட்டபின் மதிப்பு 5 கோடி. எனவே, முதலீட்டாளர் பங்கு நூற்றுக்கு 20. தாபகர் பங்கு 80. பின்னர் வேறொருவர் பெருந்தொகையிட்டு நூற்றுக்கு 25 பங்கு பெறுவாராயின், முன்னையோர் பங்குகள் நாலில் மூன்றாகச் சுருங்கும்: தாபகர்க்கு 60, முதலாம் முதலீட்டாளர்க்கு 15. இவ்வாறு பங்கு சுருங்குதல் இயல்பே. ஆயினும் தொடக்கத்திலேயே பாதியைக் கொடுத்துவிட்டவர், இரண்டு மூன்று முறைகளின் பின் தம் வீட்டிலேயே விருந்தாளியாவர்.

தொடங்கும் நிலையில் மதிப்பைத் துணிவது அரிதாதலின், அதனைப் பின்தள்ளும் வழியும் உண்டு. இன்று கடனாகக் கொடுத்து, அடுத்த முறை பெருமுதல் வரும்போது, அன்றைய விலையினும் சற்றுக் குறைந்த விலைக்குப் பங்காக மாற்றிக்கொள்ளும் பத்திரம் அதுவாம். கலிபோர்னியாவின் 'வை கொம்பினேற்றர்' நிறுவனம் 2013 இல் வட்டியும் தவணையும் இல்லாத எளிய பத்திரமொன்றை வகுத்து 'சேஃப்' எனப் பெயரிட்டது. தாபகர் தம்முள் செய்துகொள்ளும் ஒழுங்கும் இதனோடு ஒட்டியது. இருவர் சேர்ந்து தொடங்கி ஒருவர் ஆறு மாதத்திற் பிரிந்தால், அவர் பாதிப் பங்கோடு செல்லுதல் முறையன்று. அதனாலேயே தாபகர் பங்குகளும் நான்காண்டுக் காலத்திற் சிறிது சிறிதாக உரிமையாகுமாறு எழுதுதல் வழக்கமாயிற்று. சட்டவரம்பையும் அறிதல் வேண்டும். இலங்கையின் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, தனியார் கம்பனி தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்பனைக்கு விடல் இயலாது. ஊழியர் நீங்கலாகப் பங்காளர் தொகையும் 50 ஐ மிஞ்சலாகாது. வழக்கறிஞர் ஒருவரின் துணையின்றிக் கையொப்பமிடுதல் விளக்கின்றிக் கிணற்றருகே நடப்பதை ஒக்கும்.

பணம் வந்தவுடன் உறவு முடிவதில்லை, அன்றுதான் தொடங்குகின்றது. மாதந்தோறும் அன்றேல் மூன்று மாதத்திற்கொருமுறை, கையிருப்பு எவ்வளவு, நடந்தது யாது, தவறியது யாது, வேண்டிய துணை யாது என்று எழுதியனுப்புதல் நல்லாரின் வழக்கம். நற்செய்தியைப் பிந்திச் சொன்னாலும் தீயசெய்தியை முந்திச் சொல்லுதல் வேண்டும். இதனை மறந்தால் விளைவது யாது என்பதற்கும் போர்ட் கம்பனியே சான்று. ஆலையைப் பெருக்கும் பொருட்டுப் போர்ட் சிறப்பு இலாபப் பங்கை நிறுத்தியபோது, டொட்ஜ் சகோதரர் 1916 இல் வழக்குத் தொடுத்தனர். 1919 இல் மிச்சிகன் மாநில உயர்நீதிமன்றம் 190 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையைப் பங்காளர்க்குப் பகிர்ந்தளிக்கக் கட்டளையிட்டது. அவ்வாண்டிலேயே போர்ட் குடும்பத்தினர் 10 கோடி டொலருக்கு மேல் கொடுத்து, ஏனைய பங்குகள் யாவற்றையும் வாங்கிக்கொண்டனர். பங்கு கொடுத்தவன் தனியனல்லன் என்னும் உண்மையை அவர் பெருவிலை கொடுத்தே கற்றார்.

அவ்வாண்டிற் பங்கை விற்றோருள் ரொசெற்றா என்னும் பெண்மணி ஒருவர். அவர் ஜேம்ஸ் கசின்சின் சகோதரி. தொழிலாற் பள்ளி ஆசிரியை. 1903 இல் தம்பால் இருந்த சிறு சேமிப்பிலிருந்து 100 டொலரை அவர் சகோதரரிடம் கொடுத்திருந்தார். பதினாறாண்டுகளின் பின் அவர் பெற்றது 260,000 டொலருக்கு மேல். அப்பேற்றின் அளவைக் கண்டு மயங்குதல் எளிது. ஆயின், வங்கியில் 223 டொலர் எஞ்சி நின்ற அந்த யூலை மாதத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்று கம்பனி அழிந்திருப்பின், ஓர் ஆசிரியையின் சேமிப்பும் அதனோடு அழிந்திருக்கும். அவர் பெயரை இன்று எவரும் அறியார். பிறர் பணத்தைக் கையேற்பவர் ஒவ்வொருவரும் இவ்விரு முடிவுகளையும் கண்முன் வைத்திருத்தல் வேண்டும். இரண்டில் எது வந்தாலும், கொடுத்தவர் 'உண்மையறிந்தே கொடுத்தேன்' என்று சொல்லத்தக்கதாய் நடந்துகொள்பவரே முதல் நாடும் தகுதியுடையவர். அத்தகுதி ஒன்றே அவர் ஈடாக வைக்கக்கூடிய பொருளுமாகும்.